லவோன் வாங்கிய காசும் பாபி வாங்கிய காசும்

ஜேன்ஸ்வில் மாவட்ட அலுவலகத்தில், நாய்களுக்கு உரிம வில்லை கொடுக்கும் ஜன்னலில் நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால், கோப்பு அலமாரிகளுக்கும் காப்பி இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மேசை கிடந்தது. அது முத்திரை ஆய்வாளர் லவோன் ஷெப்ளருடைய மேசை. அவள் அதில் உட்கார்ந்து பார்த்தது குறைவு. பெட்ரோல் பம்புகள், இறைச்சிக் கடைத் தராசுகள், லாரியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தானியக் கிடங்கு மேடைகள், அடகுக் கடைகளின் குட்டித் தராசுகள் என்று மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பாள். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டுவாள். தப்பாக இருந்தால் சிவப்பு. சிவப்பு ஒட்டிய தராசில் அதற்குப் பிறகு யாரும் எதையும் நிறுக்கக்கூடாது.

ஒருமுறை ஒரு பலசரக்குக் கடைக்காரர் சிவப்புச் சீட்டோடு என் ஜன்னலுக்கே வந்துவிட்டார். அவருடைய தராசு வாங்குபவருக்கு ஒவ்வொரு பவுண்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"எனக்குத்தானே நஷ்டம்? இதுக்கு ஏன் சிவப்பு?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து லவோன் எழுந்துகூட வரவில்லை. "தப்புன்னா தப்புதான் ரிட்ஜ்வே. யாருக்கு லாபம்னு பார்த்துச் சீட்டு ஒட்டச் சொல்லி எனக்குச் சம்பளம் கொடுக்கல."

அப்படிப்பட்டவள். இளம் வயதில் ஒரு கல்யாணம் நடந்து நான்கு வருடத்தில் முடிந்தது. பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று சொல்ல, பன்னிரண்டு மைல் தள்ளி ரோஸ்வில்லில் இருந்த அக்கா ராபர்ட்டா ஒருத்திதான். எல்லோருக்கும் அவள் பாபி. லவோனைவிட நான்கு வயது மூத்தவள், அவளைவிட நான்கு மடங்கு பேசுகிறவள்.

லவோன் ஓய்வு பெற்றது 2022 இலையுதிர் காலத்தில். இருபத்தொன்பது வருடமாகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணம் பங்குச் சந்தையில் கிடந்தது. அந்த வருடம் ஜனவரியில் பார்த்ததற்கும் செப்டம்பரில் பார்த்ததற்கும் நடுவில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"இதைப் பாரு கோமதி. தட்டுல யாரும் கையே வைக்கல. முள்ளு மட்டும் இறங்கிட்டே போகுது."

"சந்தைன்னா அப்படித்தானே? திரும்ப ஏறும்."

"ஏறும். எனக்கும் தெரியும். ஆனா எனக்கு அறுபத்தேழு வயசு. ஏறுற வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார முடியாது. மூணுல ஒரு பங்கை எடுத்துத் தங்கமா வெச்சிடலாம்னு பார்க்கிறேன். நாளைக்கும் அதே எடை இருக்குமே."

என் கையிலிருந்த வளையல்களைப் பார்த்துச் சிரித்தாள். "உன் ஓய்வுக்காலக் கணக்கை நீ கையிலயே மாட்டிட்டுத் திரியற. எனக்கு அந்த வசதி இல்ல."

அவள் சொன்னது உண்மைதான். ஓய்வுக்காலக் கணக்கில் உள்ள பணத்தில் தங்கம் வாங்கினால் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் பணத்தை எடுத்துவிட்டதாகக் கணக்கு. வரி கட்ட வேண்டும். காசு ஒரு பெட்டகத்தில் இருக்கும். அது யாருடைய காசு, எத்தனை காசு என்ற தாளைக் கஸ்டோடியன் என்கிற பொறுப்பு நிறுவனம் வைத்திருக்கும். விற்பது ஒரு கடை, தாள் வைத்திருப்பது ஒரு நிறுவனம், பூட்டி வைத்திருப்பது இன்னொன்று. மூன்றையும் நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். லவோனுக்கு அதில் சிரமம் தெரியவில்லை. பாபி இரண்டு வருடம் முன்பே இதைச் செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேசாமல் அவளால் இருக்க முடியாது.

"நீங்கல்லாம் ராத்திரி சந்தை செய்தி பார்த்துப் பயப்படுங்க. என் தங்கம் டெலவேர் பெட்டகத்துல நிம்மதியாத் தூங்குது" என்பாள்.

அதனால் லவோன் முதலில் அக்காவிடம்தான் போனாள். பாபி சந்தோஷமாக ஒரு வழவழப்பான கோப்புறையை எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் கழுகு, கொடி, ஒரு தாத்தாவும் பேரனும் மீன் பிடிக்கிற படம். "எல்லாம் இதுல இருக்கு. தங்கக் கடையில என் ஆளோட நம்பரும் இருக்கு. ட்ரெவர்னு பேரு, தங்கமான பையன். என் பேரைச் சொல்லு" என்றாள்.

அன்று சாயங்காலம் லவோன் கோப்புறையைப் பிரித்தபோது, படங்களுக்கு நடுவே பாபி மறந்துவிட்ட ஒரு விலைச்சீட்டு மடித்துக் கிடந்தது. இருபது காசு. ஒரு அவுன்ஸ் காசு ஒன்று இரண்டாயிரத்து எழுநூறு டாலர். தேதி 2020 ஏப்ரல்.

அன்றைக்குத் தங்கம் அவுன்ஸ் என்ன விலை விற்றது என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆயிரத்து எழுநூறு.

*

அவள் ஒரே தாளை வைத்து முடிவு கட்டுகிறவள் அல்ல. மறுநாள் காலை பிரதான வீதியில் காசுக்கடை வைத்திருந்த எம்மெட் கோஸார்டைப் பார்க்கப் போனாள். அவருடைய தராசுக்குப் பதினெட்டு வருடமாகப் பச்சைச் சீட்டு ஒட்டிவந்தவள் அவள்தான்.

"ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க. அப்புறமும் சோதனையா?" என்றார் எம்மெட்.

"இன்னைக்கு நான் வாடிக்கையாளர். இதைப் படிச்சுச் சொல்லுங்க." பெயர் இருந்த மூலையை மடித்துச் சீட்டை நீட்டினாள்.

எம்மெட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு காசுகளை எடுத்து வெல்வெட் துணியில் வைத்தார். இரண்டிலும் ஒரே கழுகு. ஒன்று சாதாரணமாக மின்னியது. மற்றொன்று முகம் பார்க்கலாம் போல் இருந்தது.

"இது சாதாக் கழுகு. சீட்டுல இருக்கிறது இந்த மெருகு போட்ட கழுகு, பெட்டி, சான்றிதழ் எல்லாம் உண்டு. ரெண்டுலயும் ஒரே ஒரு அவுன்ஸ் தங்கம்தான். சேகரிக்கிறவங்க மெருகுக்குக் கூடக் கொடுப்பாங்க. நம்ம ஊர்ல அப்படி மூணு பேர் இருக்காங்க, அதுல ஒருத்தர் போன மாசம் செத்துட்டார்."

"இதை உங்ககிட்ட விக்க வந்தா என்ன தருவீங்க?"

"தங்க விலை என்னவோ அது. மேல முப்பது, நாப்பது. அதுவும் உங்க முகத்துக்காக."

"வாங்கணும்னா?"

"சாதாக் கழுகு இன்னைக்கு ஆயிரத்து எண்ணூத்தி முப்பது. நான் லாபம் வெச்சுத்தான் சொல்றேன், லவோன். தர்மத்துக்குக் கடை நடத்தல." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "யாரோடதுன்னு கேக்கமாட்டேன். ஆனா இந்தச் சீட்டு இந்த மாவட்டத்துல இது ஒண்ணுதான்னு நினைக்காதீங்க. மாசம் ஒருத்தர் கொண்டு வர்றாங்க. வர்றவங்க எல்லாம் நம்ம வயசு."

ஆக, அந்தக் காசுகளில் பாபி கிட்டத்தட்ட இருபதாயிரம் டாலரை மெருகுக்குக் கொடுத்திருந்தாள். மெர்ல் ஓடு செய்யும் ஆலையில் முப்பத்தாறு வருடம் உழைத்துச் சேர்த்து வைத்துவிட்டுப் போன பணம் அது. மெர்ல் பாபியின் கணவர். 2019 அக்டோபரில், தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

லவோன் மத்தியானம் என்னைத் தேடி வந்தாள். ஆற்றோரம் காரை நிறுத்தி, கையோடு கொண்டுவந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லாதே" என்றேன். "சொன்னா பணம் திரும்பி வருமா?"

"வராது. சட்டப்படி அவங்க தப்பு எதுவும் பண்ணல. விலை சீட்டுலயே இருக்கு, அவ கையெழுத்தும் இருக்கு."

"அப்புறம் எதுக்கு? பாவம், ஒரு ஆறுதலோட இருக்கா. அதையும் பிடுங்கணுமா?"

அவள் சாண்ட்விச்சைத் தாளில் சுற்றி வைத்துவிட்டாள். "நாளைக்கு அவன் திரும்பக் கூப்பிட்டு இன்னும் வாங்கச் சொன்னா? வீட்டை வெச்சு வாங்கினா? நான் தெரிஞ்சும் பேசாம இருந்தேன்னு ஆகாதா?"

ஆனாலும் சொல்லாதே என்றுதான் திரும்பவும் சொன்னேன். இன்றுவரை அது சரியா தவறா என்று நான் முடிவு செய்யவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லிவிட்டாள். பாபி மசித்த உருளைக்கிழங்கின் மேல் மாட்டிறைச்சி நூடுல்ஸை ஊற்றி எடுத்துவந்து மேசையில் வைத்திருக்கிறாள். லவோன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, கோப்புறையை மேசைமேல் வைத்து, விலைச்சீட்டை வெளியே எடுத்தாள்.

"பாபி, இதுல ஒரு விஷயம் இருக்கு."

பாபி சீட்டைப் பார்த்தாள். எடுக்கவில்லை. "ஓஹோ. என் வீட்டுக்கே சோதனைக்கு வந்துட்டியா?"

"சோதனை இல்ல. அன்னைக்கு விலை ஆயிரத்து எழுநூறு. உன்கிட்ட—"

"எல்லாம் தெரியும் உனக்கு. நாற்பது வருஷமா உனக்கு மட்டும்தான் தெரியும். எங்க, பையில சிவப்புச் சீட்டு இருக்கா? எடு. என் நெத்தியில ஒட்டிட்டுப் போ."

"அவன் திரும்பக் கூப்பிட்டா வாங்காதேன்னு சொல்லத்தான்..."

"தட்டை வெச்சிடு. நான் கழுவிக்கிறேன்."

அன்று வாசல் வரைக்கும்கூட பாபி வரவில்லை. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை வந்தது. அதில் பெயர் மட்டும் இருந்தது. தொலைபேசி அடித்தால் எடுப்பாள், "வேலையா இருக்கேன்" என்பாள், வைத்துவிடுவாள். அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அப்படியே போயின.

*

தன் காசை லவோன் அந்த நவம்பரிலேயே வாங்கினாள். அக்காவோடு அப்படி ஆனபோதும் வேலையை அவள் தள்ளிப்போடவில்லை. முதலில் எந்தக் காசு என்று பார்த்தாள். காட்டெருமைக் காசு இருபத்து நான்கு கேரட், அழகு. கனடாவின் மேப்பிள் இலைக் காசும் அப்படியே. தென்னாப்பிரிக்கக் காசை இந்தக் கணக்கில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. கழுகுக் காசு இருபத்திரண்டு கேரட். ஆனால் உள்ளே தங்கம் முழு அவுன்ஸ் இருக்கும், நம் கணக்கில் நான்கு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. செம்பும் வெள்ளியும் அதற்கு மேல் சேர்ந்திருப்பதால் காசு கொஞ்சம் கனம், உராய்ந்தாலும் சீக்கிரம் தேயாது.

"நீ எப்பவும் சுத்தம்னு சொல்றவளாச்சே, இருபத்து நாலு எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"வயசான காலத்துல விக்கப்போறது நான். என் மூளை அப்போ எப்படி இருக்குமோ. ஜேன்ஸ்வில்ல எந்தக் கடையில கொண்டுபோய் வெச்சாலும், பேச்சில்லாம எடுத்துக்கணும். எம்மெட் கடையில பத்து பேர் வந்தா எட்டுப் பேர் கழுகுதான் கொண்டு வர்றாங்க. அதனால கழுகு. மெருகு இல்லாதது."

எம்மெட்டிடமே வாங்கியிருப்பாள். அவர்தான், பெட்டகத்துக்கு அனுப்புவது, தாள்கள் எழுதுவது எல்லாம் தனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டார். லவோன் மூன்று பெரிய கடைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே நாளில், ஒரே கால் மணி நேரத்துக்குள், மூன்றையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: இந்த நிமிடத்துத் தங்க விலைக்கு மேல் எவ்வளவு? ஒரு கடை பதில் சொல்லாமல் டாலர் எப்படி அழியப்போகிறது என்று ஆரம்பித்தது. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். மற்ற இரண்டில் குறைவாகச் சொன்னதை எடுத்துக்கொண்டாள்.

பொறுப்பு நிறுவனம் பிடிப்பதற்குத்தான் நாள் பிடித்தது. முதலில் கூப்பிட்டது, காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டது. இரண்டாவது, தங்க விலை ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்றது. "காசு அதே தட்டுலதானே இருக்கு, விலை ஏறினா உங்களுக்கு என்ன கூட வேலை?" என்று கேட்டதற்கு விதிமுறை என்றார்கள். மூன்றாவதில் பேசியவர் இனிமையானவர். லவோன் பெயரில் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி, அதன் மூலமாகக் காசைச் சொந்த அலமாரியிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான் என்றார்.

"அந்தச் சட்டத்தோட நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள் லவோன்.

அவர் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை.

நான்காவது, தென் டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் ஒரு சின்ன நிறுவனம். மார்னி என்ற பெண் எடுத்தாள். இந்த உரையாடலை லவோன் என்னிடம் இரண்டு முறை அப்படியே சொல்லியிருக்கிறாள்.

"என் காசு தனித் தட்டுல இருக்குமா, எல்லார் காசோடயும் கலந்துடுவீங்களா?"

"ரெண்டு மாதிரியும் உண்டு, மேடம். தனின்னா வருஷத்துக்கு அம்பது டாலர் கூட."

"வருஷா வருஷம் எண்ணுவாங்களா? பெட்டகத்துக்காரங்களே எண்ணிக்கிறதா, வெளி ஆள் வர்றாங்களா?"

"எனக்குத் தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

லவோன் நம்பவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"வெளித் தணிக்கையாளர்கள் வந்து எண்ணுறாங்க, மேடம். அறிக்கையோட நகல் கேட்டா அனுப்புவாங்க. இன்னொண்ணும் கேட்டு வெச்சேன். எடை போடறது காசு உள்ள வரும்போது மட்டும்தான். அதுக்கப்புறம் வெறும் எண்ணிக்கைதான், எடை போடமாட்டாங்க. நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்கன்னு தோணுச்சு."

லவோன் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். மார்னி தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள், விசாரித்தபோது தன் பக்கத்துக் குறையையும் சேர்த்துச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு நிறுவனத்திடம் கேட்க லவோனுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் தொலைபேசியை வைப்பதற்கு முன் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"ஒருத்தர் ரெண்டாயிரத்துக்குக் கீழ வர்ற காசை மூவாயிரம் கொடுத்து வாங்குறாங்கன்னு வெச்சுக்கோங்க. நீங்க சொல்லமாட்டீங்களா?"

"சொல்லக்கூடாது, மேடம். எந்தக் கடைக்கு அனுப்பச் சொல்றாங்களோ அங்க பணத்தை அனுப்பணும். விலை பத்திப் பேச எங்களுக்கு உரிமை இல்ல." பிறகு சொன்னாள்: "இந்த வேலையில எனக்குப் பிடிக்காதது அது ஒண்ணுதான்."

இருபத்தொரு கழுகுக் காசு, தனித் தட்டு. தாள் வந்த அன்று லவோன் அதைச் சமையலறை இழுப்பறையில் போட்டாள். பெருமையாகக் காட்டுவதற்கு யாரும் இல்லை. எனக்குக் காட்டினாள். எனக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை, எண்கள்தான்.

*

2024 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பாபி தானாகவே கூப்பிட்டாள். நலம் கேட்கவில்லை.

"எழுபத்துமூணு ஆயிடுச்சாம் எனக்கு. வர்ற ஏப்ரலுக்குள்ள கணக்குல இருந்து கட்டாயமா எடுத்தாகணுமாம், இல்லேன்னா அபராதமாம். கடிதம் வந்திருக்கு. எப்படி எடுக்கிறது?"

"வரட்டா?" என்று கேட்டாள் லவோன்.

"வராம எப்படிச் சொல்லுவ?"

போனாள். மேசையில் கடிதம் மட்டும் இல்லை. நான்கு வருடத்துத் தாள்களும் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பட்டை போட்டு இருந்தன. பாபி எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த முதல் தாளை உருவி லவோன் முன்னால் வைத்தாள். 2020 ஜூன் மாதத் தாள். இருபது காசு, மதிப்பு முப்பத்து நான்காயிரம் என்று போட்டிருந்தது. ஐம்பத்து நான்காயிரம் கொடுத்து இரண்டே மாதம் ஆகியிருந்தது அப்போது. மடிப்புகள் நைந்துபோயிருந்தன. பலமுறை பிரித்துப் பார்த்த தாள்.

"இது வந்தன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் பாபி.

லவோன் தாளிலிருந்து நிமிர்ந்தாள். "அப்புறம் ஏன் என்கிட்ட..."

"உன்கிட்டயா? உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஊர்ல ஒரு பவுண்டு உருளைக்கிழங்குல யாராவது ஏமாந்தாலே உனக்குத் தாங்காது. நான் இருபதாயிரம் ஏமாந்தேன்னு வந்து நிக்கணுமா?" பாபி காப்பியை ஊற்றினாள். கோபமாக இல்லை. "அந்த வசந்தத்தை நினைச்சுப் பாரு. மெர்ல் போய் ஆறு மாசம். நோய்னு சொல்லி யாரும் யார் வீட்டுக்கும் போகல. தேவாலயம் மூடியாச்சு. ஃபோன் அடிச்சா அந்தப் பையன்தான். வாரம் ரெண்டு தடவை கூப்பிடுவான். தக்காளி நாத்து நட்டாச்சான்னு கேப்பான். மெர்லைப் பத்திக் கேப்பான், பேச விடுவான். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். கடைசி அஞ்சு நிமிஷம்தான் தங்கம். எனக்குப் புரியாமலா இருந்துச்சு, அவன் எதுக்குக் கூப்பிடுறான்னு? புரிஞ்சுது. நாளைக்கும் கூப்பிடணுமேன்னு இருந்துச்சு."

"வாங்கினதுக்கப்புறம்?"

"ரெண்டு தடவை கூப்பிட்டான். அப்புறம் வேற யாரோ. வெள்ளி வாங்குறீங்களான்னு கேட்டான். வெச்சிட்டேன். நீ பயந்த மாதிரி எதுவும் வாங்கல."

அந்த வசந்தத்தில் லவோன் வாரத்தில் ஐந்து நாள் பெட்ரோல் பம்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அத்தியாவசிய வேலை என்று அவளுக்கு அனுமதி இருந்தது. பத்து இடம் போய் வருகிறவள், அக்காவுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடக்கூடாது என்று ரோஸ்வில் பக்கமே போகவில்லை. அது சரியான காரணம்தான். ஆனால் கூப்பிட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கூப்பிட்டு, நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்று நான்கு நிமிடத்தில் வைத்துவிடுவாள். தொலைபேசியில் பேச அவளுக்கு எப்போதும் ஒன்றும் தோன்றியதில்லை.

"நான் கூப்பிட்டிருக்கணும்" என்றாள்.

"கூப்பிட்டு என்ன பேசியிருப்ப? பம்பு பத்தியா?"

"பம்பு பத்தித்தான்."

பாபி சிரித்தாள். இரண்டு வருடத்தில் லவோன் கேட்ட முதல் சிரிப்பு. பிறகு கடைசித் தாளை எடுத்துத் தட்டினாள். "இதையும் பாரு. தங்கம் எங்கயோ போயிடுச்சு. போட்ட பணத்துக்கு ஆயிரம்தான் குறையுது இப்போ. அடுத்த வருஷம் லாபம்கூட வந்துடும். அப்போ யாரு முட்டாள்?"

அதே பணத்துக்குச் சாதாக் கழுகு வாங்கியிருந்தால் இன்று எத்தனை காசு இருந்திருக்கும் என்று லவோனுக்கு மனக்கணக்கில் தெரியும். இருபத்தொன்பது. அந்த எண் வாய்வரைக்கும் வந்துவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

"ஆமா, நல்லாத்தான் ஏறியிருக்கு" என்று மட்டும் அக்காவிடம் சொன்னாள்.

*

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வேலையை முடித்தார்கள். பாபியின் கணக்கைச் சூ ஃபால்ஸுக்கு மாற்றினார்கள். மார்னி இப்போது அங்கே மேலாளர், இருந்தாலும் தானே எடுத்துப் பேசினாள். அந்த வருடம் எடுக்க வேண்டிய தொகைக்கு ஒரு காசு போதும், மீதமும் வரும். பணமாக வேண்டுமா, காசாகவே வேண்டுமா என்று மார்னி கேட்டபோது பாபி தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"காசாவே அனுப்பும்மா. இத்தனை வருஷம் கட்டணம் கட்டினேன், ஒரு காசோட முகத்தையாவது பார்க்கணும்ல." பிறகு விரல் விட்டு எண்ணினாள். "இருபது காசு. வருஷத்துக்கு ஒண்ணுன்னா தொண்ணூத்திரண்டு வயசு வரைக்கும் இருக்கணுமே நான். லவோன், உன் இருபத்தொண்ணுக்கு நீ இன்னும் மோசம்."

காசு கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால் பதிவுத் தபாலில் வந்தது. பாபிக்கு முழங்கால் வலி. லவோன்தான் ரோஸ்வில் தபால் நிலையத்துக்குக் காரோட்டிக்கொண்டு போனாள். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் வீடு போகும்வரை பாபியால் பொறுக்க முடியவில்லை. காருக்குள்ளேயே, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, சாவியால் டேப்பைக் கிழித்தாள். அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் நீல வெல்வெட் பெட்டி, அதற்குள் வட்டமான கண்ணாடி உறை.

பாபி அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

"நான் என்னவோ குக்கி அளவு இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன். அந்தப் படத்துல அப்படித்தான் போட்டிருந்தான்." உறையைத் திருப்பினாள். வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது. "ஆனா அழகுதான். இல்லையா? சொல்லு, உன் காசு இப்படிப் பளபளக்குமா?"

"பளபளக்காது" என்றாள் லவோன். "இது அழகு."

அந்தக் காசைப் பாபி விற்கவில்லை. அதற்கு உரிய வரியைக் கையிலிருந்த பணத்தில் கட்டினாள். ஜனவரியில் வீட்டுச் சூடேற்றும் உலை பழுதானபோதும் விற்கவில்லை. லவோன் பணம் தருவதாகச் சொல்ல, பாபி மறுக்க, கடைசியில் பாதிப் பாதி போட்டார்கள். வியாழக்கிழமைகளில் லவோன் ரோஸ்வில்லுக்குப் போய்விடுகிறாள். போன வாரம் என்னையும் கூட்டிப்போனாள். நூடுல்ஸ் செய்திருந்தார்கள். பாபி அரை மணி நேரம் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியே பேசினாள். அதற்கு இன்னும் உரிமம் எடுக்கவில்லையாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என்னிடம் சொல்லிப் பயனில்லை என்றேன். அவள் கேட்பதாக இல்லை.